பப்ல பூல் ஆடப் போறீங்களா? பிரேக் அடிக்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சிக்க வேண்டிய ரூல்ஸ்

நான் முதல் தடவை பப்ல பூல் ஆடினப்போ என் பந்து ஏழும் உள்ள போயிருச்சு, கடைசியா கறுப்பையும் போட்டுட்டேன், ஜெயிச்சாச்சுன்னு குச்சிய கீழ வைக்கறேன், எதிர்ல ஆடினவர் கை குடுத்துட்டு அடுத்த ஆள பந்து அடுக்க கூப்பிடறார். என்னன்னு கேட்டா, கறுப்பு விழுந்த அப்புறம் வெள்ளையும் மெதுவா உருண்டு போயி வேற குழில விழுந்திருக்கு, அப்படி விழுந்தா தோல்வி. யாரும் என்னை ஏமாத்தல, எனக்கு அந்த ரூல் தெரியல, அவ்ளோதான். அடிக்கிற கை ஆட ஆட பழகிடும், ரூல்ஸ் அப்படி இல்ல, யாராவது சொன்னாதான் தெரியும், அதுலயும் பப் ரூல்ஸ் இடத்துக்கு இடம் மாறும், ரெண்டு பேர் நேர் எதிரா ஒண்ணச் சொல்லிட்டு ரெண்டு பேருமே இதான் சரின்னு அடிச்சு சொல்லுவாங்க, ரெண்டு பேரும் அவங்கவங்க பழகின இடத்துல சரிதான். அதனால எது எல்லா இடத்துலயும் ஒண்ணுதான், எது மாறும், எத முன்னாடியே கேட்டுக்கணும்னு பிரிச்சு சொல்றேன்.

முதல்ல டேபிளயும் பந்தையும் பாருங்க

பப்ல ஆடறது பெரும்பாலும் 8-பால் தான். மொத்தம் 15 பந்து, கூட ஒரு வெள்ளை. 15ல ஒண்ணு கறுப்பு, மீதி 14 ரெண்டு கூட்டமா பிரியும், ஆளுக்கு 7. உங்க 7 பந்தையும் குழில போட்டுட்டு கடைசியா கறுப்ப போடணும், யார் முதல்ல போடறாங்களோ அவங்க ஜெயிப்பாங்க. கேரம் ஆடினவங்களுக்கு சட்டுன்னு புரியும், ஸ்ட்ரைக்கர் இடத்துல வெள்ளை பந்து, நம்ம காய் அவங்க காய்ங்கற மாதிரி நம்ம கலர் அவங்க கலர்.

பந்து ரெண்டு மாதிரி இருக்கும். அமெரிக்க செட்ல நம்பர் போட்டிருக்கும், 1லேர்ந்து 7 வரைக்கும் முழுக் கலர், 9லேர்ந்து 15 வரைக்கும் வெள்ளை மேல கலர் பட்டை, 8 கறுப்பு. பிரிட்டிஷ் பப்ல பாத்தீங்கன்னா நம்பர் இருக்காது, 7 சிவப்பு, 7 மஞ்சள், 1 கறுப்பு. அமெரிக்கப் பந்து 2¼ இன்ச், பிரிட்டிஷ் பந்து 2 இன்ச், குழியும் அதுக்கேத்த மாதிரி சின்னதா, வாய் வளைஞ்சு இருக்கும். ரெண்டு இடத்துலயும் பப் டேபிள் வழக்கமா 7 அடி நீளம், அமெரிக்க முறை பெரிய போட்டிங்கள்ல 9 அடி. இன்னொண்ணு, சிவப்பு மஞ்சள் செட் பிரிட்டன்ல பிறந்ததுன்னு நிறைய பேர் நினைப்பாங்க, ஆனா 1925லயே அமெரிக்கால பிரன்ஸ்விக் கம்பெனி 7 சிவப்பு, 7 மஞ்சள், 1 கறுப்புன்னு செட்டா வித்திருக்கு.

இப்ப முக்கியமான விஷயம், டேபிள் காசு போடற டேபிளா இல்லையான்னு பாருங்க. பப்ல பாதிக்கு மேல காசு போடற டேபிள்தான். காசு போட்டா 15 பந்தும் கீழ வரும், ஆட்டத்துல குழில விழற பந்தெல்லாம் டேபிள் வயித்துக்குள்ள போயிரும், திரும்ப காசு போட்டாதான் வெளிய வரும். வெள்ளை மட்டும் எப்பவும் திரும்பி வரும். எப்படின்னா பிரிட்டிஷ் டேபிள்ல வெள்ளை 1⅞ இன்ச், மத்த பந்த விட ஒரு பொடி சின்னது, அதனால உள்ள வேற வழில பிரிஞ்சு வந்துரும். அமெரிக்க டேபிள்ல சிலதுல வெள்ளை கொஞ்சம் பெருசு, சிலதுல உள்ள காந்தத்துக்கு சிக்கற மாதிரி செஞ்ச பந்து. விழுந்த பந்த எடுத்து மறுபடி டேபிள் மேல வைக்க வழியே இல்லங்கறத மனசுல வெச்சுக்கிட்டா, பப் ரூல்ஸ் ஏன் போட்டி ரூல்ஸ் மாதிரி இல்லங்கறது பாதி புரிஞ்சிரும், கீழ ரெண்டு மூணு இடத்துல இது திரும்பத் திரும்ப வரும்.

உங்க முறை எப்படி வரும்

பப்ல வழக்கம், ஜெயிச்சவங்க டேபிள்லயே நிப்பாங்க, அடுத்தவங்க வந்து எதிர்ப்பாங்க. உங்க முறைக்கு டேபிள் ஓரத்துல ஒரு காசு வைக்கணும், இல்ல சுவத்துல போர்டு இருந்தா பேர் எழுதணும், எந்த முறைன்னு பாத்துட்டு தெரியலன்னா ஆடிட்டு இருக்கவங்கள கேளுங்க, ஆனா அவங்க குனிஞ்சு குறி பாக்கும்போது கேக்காதீங்க. காசு போடறது, பந்து அடுக்கறது எதிர்க்க வந்தவங்க வேலை, பிரேக், அதாவது அடுக்கின பந்துங்கள கலைக்கற முதல் அடி, அடிக்கறது ஜெயிச்சவங்க.

அடுக்கறது சுலபம். முக்கோண பிரேம்ல 15 பந்தையும் போடுங்க, கறுப்பு மூணாவது வரிசைல நடுவுல, பின் வரிசை ரெண்டு மூலைல ரெண்டு கலர் பந்தும் ஒவ்வொண்ணு. நம்பர் பந்துன்னா முன்னாடி நுனி பந்து டேபிள்ல இருக்கற புள்ளி மேல வரணும், சிவப்பு மஞ்சள்ன்னா கறுப்பே அந்தப் புள்ளி மேல வரணும். பந்துங்க ஒண்ணோட ஒண்ணு நல்லா ஒட்டி இருக்கணும், பின்னாடிலேர்ந்து விரலால இறுக்கிட்டு பிரேம மெதுவா தூக்குங்க, நடுவுல இடைவெளி இருந்தா பிரேக் செத்துப் போயிரும், அடுக்கினது சரியில்லன்னு பிரேக் அடிக்கறவங்க திரும்ப அடுக்கச் சொன்னா அதுல தப்பில்ல.

பிரேக்

எதிர்ப்பக்கம் ஒரு கோடு இருக்கும், இல்ல கோடு இருக்கறதா வெச்சுப்பாங்க, வெள்ளைய அந்தக் கோட்டுக்குப் பின்னாடி எங்க வேணா வெச்சு அடிக்கலாம். அமெரிக்காக்காரங்க அந்த இடத்த கிச்சன்னு சொல்வாங்க. சில பிரிட்டிஷ் டேபிள்ல கோட்டோட ஒரு அரைவட்டமும் இருக்கும், சில பேர் அதுக்குள்ளதான் வைக்கணும்பாங்க. போட்டி ரூல்ல ஒண்ணு பந்து ஏதாவது விழணும், இல்லன்னா நாலு பந்தாவது ஓரத்து குஷன தொடணும், பப்ல யாரும் எண்ண மாட்டாங்க, பந்துங்க அப்படியே குவியலா நின்னா மட்டும் திரும்ப அடுக்குவாங்க. பிரேக்ல வெள்ளை உள்ள போச்சுன்னா முறை எதிராளிக்கு.

பிரேக்ல கறுப்பு விழுந்தா? இங்கதான் முதல் தகராறு. போட்டி ரூல்ல அது வெற்றியும் இல்ல தோல்வியும் இல்ல, கறுப்ப எடுத்து புள்ளில வெச்சு தொடரலாம், இல்ல மறுபடி அடுக்கி பிரேக் அடிக்கலாம். காசு டேபிள்ல கறுப்பு உள்ள போயிருச்சே, எடுக்க முடியாதே, அதனால நிறைய இடத்துல பிரேக் அடிச்சவங்க ஜெயிச்சதா முடிச்சிருவாங்க. வேற சில இடத்துல, முக்கியமா பிரிட்டிஷ் முறைல, இன்னொரு காசு போட்டு மறுபடி அடுக்குவாங்க.

யாருக்கு எந்தக் கலர்

போட்டி ரூல்ல பிரேக்ல விழுந்த பந்து எதுவும் கலர முடிவு பண்ணாது, டேபிள் பொதுவா திறந்தே இருக்கும், அடுத்து யார் முதல்ல ஒழுங்கா ஒரு பந்த போடறாங்களோ அந்தக் கலர் அவங்களுக்கு. பப்ல நிறைய இடத்துல பிரேக்ல என்ன விழுந்துச்சோ அதான் உங்க கலர், ரெண்டும் விழுந்தா நீங்க எடுத்துக்கலாம். எனக்கு போட்டி ரூல்தான் புடிக்கும், ஏன்னா பிரேக்ல எது விழும்னு யாராலயும் சொல்ல முடியாது, அதுல கலர் முடிவாகறது அதிர்ஷ்டம்தான், டேபிள பாத்து எந்தக் கலர் சுலபமா இருக்குன்னு யோசிக்கறதுலதான் ஆட்டமே ஆரம்பிக்குது. ஆனா பப்ல அவங்க முறை எதுவோ அதையே ஆடிருங்க.

பந்து விழுந்தா தொடர்ந்து ஆடுங்க, விழலன்னா முறை மாறும். இது எங்கயும் மாறாது.

ஃபவுல், நிதானமா படிங்க

எல்லா இடத்துலயும் ஃபவுல்னு ஒத்துக்கறது இதெல்லாம்: வெள்ளை குழில விழறது, வெள்ளை எந்தப் பந்தையும் தொடாம போறது, உங்க பந்த தொடறதுக்கு முன்னாடி எதிராளி பந்தையோ கறுப்பையோ தொடறது, பந்து டேபிள விட்டு வெளிய பறக்கறது. கை, சட்டை, தலைமுடின்னு எதாவது பந்து மேல பட்டு அது நகர்றதும் தப்புதான், எட்டி அடிக்கும்போது ரெண்டு காலும் தரைய விட்டு எழும்பறதும் தப்பு, பந்துங்க உருண்டு முடியறதுக்குள்ள அடிக்கறதும் தப்பு. எட்டலன்னா டேபிளுக்குக் கீழ, இல்ல சுவத்துல, நுனில குறுக்குக் கட்டை வெச்ச ஒரு நீளக் குச்சி இருக்கும், அதுமேல உங்க குச்சிய வெச்சு அடிங்க, அதுக்கு வெக்கப்பட ஒண்ணுமில்ல, நல்லா ஆடறவங்களும் எடுப்பாங்க.

புதுசா ஆடறவங்க தெரியாமலே செய்யற ஃபவுல் ஒண்ணு இருக்கு. வெள்ளையும் உங்க பந்தும் விரல் அகலம் கூட இடைவெளி இல்லாம நிக்கும், நீங்க நேரா அடிப்பீங்க, குச்சி நுனி வெள்ளைய தொட்டு, வெள்ளை அந்தப் பந்துல மோதி நிக்கும்போது நுனி மறுபடியும் அதைத் தொட்டுரும், அது ரெண்டு தடவை அடிச்சதா கணக்கு. எப்படி கண்டுபிடிக்கறதுன்னா, நேரா அடிச்சு வெள்ளையும் அந்தப் பந்தும் சேர்ந்து ஒரே வேகத்துல முன்னாடி போச்சுன்னா பெரும்பாலும் ரெண்டு தடவை பட்டிருக்கு. கோணமா அடிங்க, இல்ல குச்சியோட பின்பக்கத்த கொஞ்சம் தூக்கி குட்டியா வெட்டற மாதிரி அடிங்க. வெள்ளைய அடில குத்தி தூக்கி இன்னொரு பந்த தாண்ட வைக்கறதும் ஃபவுல், துணியும் கிழியும், பப்ல யாரும் அத விரும்ப மாட்டாங்க.

குஷன் ரூல்னு ஒண்ணு இருக்கு. வெள்ளை உங்க பந்த தொட்ட அப்புறம் ஒண்ணு ஏதாவது விழணும், இல்லன்னா ஏதோ ஒரு பந்து, வெள்ளையே ஆனாலும் சரி, குஷன தொடணும். போட்டிங்கள்ல இது கண்டிப்பு, பப்ல பாதி பேருக்கு இது தெரியாது. இது இல்லாம ஆடினா ஒருத்தர் வெள்ளைய சும்மா தொட்டு தொட்டு ஒளிச்சு வெச்சிட்டே இருக்கலாம், ஆட்டம் நகராது, அதனால இத வெச்சு ஆடறது நல்லதுங்கறது என் எண்ணம், ஆனா எதிராளிக்கு தெரியாதுன்னா நடுவுல வந்து ஃபவுல்னு சொல்லாதீங்க, முன்னாடியே பேசிருங்க.

எதிராளி பந்து விழுந்தா என்ன? முதல்ல உங்க பந்த தொட்டுட்டு அப்புறம் அவங்க பந்து மட்டும் விழுந்துச்சுன்னா போட்டி ரூல்ல அது ஃபவுல் இல்ல, முறை மட்டும் போகும். பழைய பப் முறைல சில இடத்துல அதையும் ஃபவுலா எடுப்பாங்க. எப்படியிருந்தாலும் விழுந்த பந்து விழுந்ததுதான், காசு டேபிள்ல திரும்ப வராது, ஃபவுல்ல விழுந்த உங்க சொந்தப் பந்தும் அப்படித்தான்.

ஃபவுலுக்கு தண்டனை என்ன

ஃபவுல்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாலும் அடுத்து என்னங்கறதுல மூணு முறை இருக்கு, சண்டை வர்றது இதுலதான்.

ஒண்ணு, எதிராளி வெள்ளைய கைல எடுத்து டேபிள்ல எங்க வேணா வெச்சு ஆடறது. உலக பூல் சங்கத்தோட 8-பால் ரூல் இதான். தண்டனை பெருசு, நல்லா ஆடறவங்க இதுலயே ஆட்டத்த முடிச்சிருவாங்க.

ரெண்டாவது, ரெண்டு ஷாட். பிரிட்டிஷ் பப்ல இதான் அதிகம். எதிராளிக்கு ரெண்டு வாய்ப்பு, முதல்ல தவறினாலும் இன்னொண்ணு இருக்கு. இதுக்குள்ள ஒரு கிளைக் கேள்வி, முதல் ஷாட்லயே பந்து விழுந்துச்சுன்னா அந்த ரெண்டாவது ஷாட் இன்னும் கைல இருக்கா, இல்ல போயிருச்சா? சில இடத்துல இருக்கும்பாங்க, அதாவது எப்ப தவறினாலும் ஒரு தடவை மன்னிப்பு. அப்புறம் கறுப்புக்கு வந்தா ஒரு ஷாட்தான்னு சொல்ற இடங்களும் நிறைய. இன்னும் சில இடத்துல முதல் ஷாட்ல எந்தப் பந்த வேணா தொடலாம், எதிராளி பந்தக் கூட, மறைவுல மாட்டிக்கிட்டவங்களுக்கு அது பெரிய உதவி.

மூணாவது, வெள்ளை குழில விழுந்தா மட்டும் தண்டனை, எதிராளி கோட்டுக்குப் பின்னாடி வெச்சு ஆடுவாங்க, மத்த ஃபவுலுக்கெல்லாம் முறை மாறும், அவ்ளோதான். அமெரிக்க பார்ல பழைய வழக்கம் இது. இதுல ஒரு நுணுக்கம், கோட்டுக்குப் பின்னாடி வெச்சா முன்னாடி பாத்துதான் அடிக்கணும், உங்க பந்து கோட்டுக்குப் பின்னாடியே நின்னா நேரா அத அடிக்க முடியாது, எதிர் குஷன்ல பட்டு திரும்பி வந்து அடிச்சா சரி. இது தெரியாம நிறைய பேர் பக்கத்துல இருக்கற பந்த டொக்குன்னு தட்டிட்டு ஃபவுல் வாங்குவாங்க.

சொல்லி அடிக்கறதா, விழுந்தா சரியா

எந்தப் பந்து எந்தக் குழின்னு முன்னாடியே சொல்லி அடிக்கற முறை ஒண்ணு, எங்கயோ மோதி எதிலயோ விழுந்தாலும் கணக்குதான்கற முறை இன்னொண்ணு. சாதாரண பப் ஆட்டத்துல ரெண்டாவதுதான் அதிகம், புதுசா ஆடறவங்களுக்கும் அதான் நல்லது. சொல்லி அடிக்கற முறையா இருந்தா பந்தும் குழியும் சொன்னா போதும், கண்ணுக்கு நேரா தெரியற ஷாட்டுக்கு வாய் திறக்கவே வேண்டாம். சில பேர் எந்த குஷன்ல படும், எந்தப் பந்த உரசும்னு எல்லாத்தையும் சொல்லணும்னு கேப்பாங்க, போட்டி ரூல்ல அப்படி இல்ல, ஆனா அந்த இடத்து வழக்கம் அதுன்னா சொல்லிட்டு ஆடுங்க. எந்த முறைன்னாலும் கறுப்புக்கு மட்டும் குழிய சொல்லிருங்க, விரலாலயோ குச்சியாலயோ காட்டினாலும் போதும்.

கறுப்பு

பிரேக்ல விழுந்தத தவிர, உங்க ஏழும் முடியறதுக்கு முன்னாடி கறுப்பு விழுந்தா தோல்வி, யார் தட்டி விழுந்ததுன்னு பாக்க மாட்டாங்க, உங்க ஷாட்ல விழுந்தா உங்க தோல்வி. கறுப்ப சொன்ன குழி விட்டு வேற குழில போட்டா தோல்வி. கறுப்பு டேபிள விட்டு வெளிய போனா தோல்வி. கறுப்பு விழற அதே ஷாட்ல வெள்ளையும் விழுந்தா தோல்வி, நான் தோத்தது இதுல. கடைசி கலர் பந்தும் கறுப்பும் ஒரே ஷாட்ல விழுந்தாலும் உலக சங்க 8-பால் ரூல்ல தோல்விதான்.

இப்ப குழப்பமான ஒண்ணு. கறுப்ப குறி பாத்து அடிச்சு, கறுப்பு விழல, வெள்ளை மட்டும் விழுந்துச்சு. போட்டி ரூல்ல அது வெறும் ஃபவுல், ஆட்டம் தொடரும். பப்ல நிறைய பேர் அதையும் தோல்வின்னு சொல்வாங்க, உறுதியா சொல்வாங்க. இன்னொரு வழக்கம், உங்க கடைசி பந்து எந்தக் குழில விழுந்துச்சோ கறுப்பும் அதே குழிலதான் விழணும்னு, இப்படி ஆடற இடத்துல கடைசி பந்த போடும்போதே கறுப்பு எங்க நிக்குதுன்னு யோசிச்சு போடணும், தெரியாம ஆடினா கறுப்பு ஒரு மூலைல, போட வேண்டிய குழி எதிர் மூலைல.

கறுப்புக்கு வரும்போது எல்லாருக்கும் கை வேகமாகும். வேகமா அடிச்சாதான் வெள்ளை ரொம்ப தூரம் ஓடி எங்கயாவது விழும், குழி பக்கத்துல கறுப்பு நின்னா மெதுவா, வெள்ளை எங்க போயி நிக்கும்னு முதல்ல பாத்துட்டு அப்புறம் அடிங்க.

பிரேக்குக்கு முன்னாடி கேக்க வேண்டியது

இத்தனையும் ஞாபகம் வெச்சுக்க வேண்டாம், குச்சி கைல எடுத்ததும் எதிர்ல ஆடறவங்ககிட்ட சாதாரணமா கேளுங்க: ஃபவுலுக்கு ரெண்டு ஷாட்டா இல்ல வெள்ளைய கைல எடுக்கலாமா, ரெண்டு ஷாட்டுன்னா கறுப்புக்கும் உண்டா, பிரேக்ல விழுந்தா அதான் கலரா, கறுப்ப எந்தக் குழில வேணா போடலாமா, கறுப்புக்கு அடிச்சு வெள்ளை மட்டும் விழுந்தா என்ன. அரை நிமிஷம் கூட ஆகாது, இப்படி கேட்டா புதுசுன்னு யாரும் தாழ்வா பாக்க மாட்டாங்க, இவங்களுக்கு ஆட்டம் தெரியும்னுதான் நினைப்பாங்க, ஏன்னா வேற வேற இடத்துல ஆடினவங்கதான் இத கேப்பாங்க. ஆரம்பிச்ச அப்புறம் ஒரு சந்தேகம் வந்து ரெண்டு பேரும் பேசாத விஷயமா இருந்தா, அந்த டேபிள்ல வழக்கமா ஆடறவங்க என்ன சொல்றாங்களோ அத எடுத்துக்கோங்க.

முதல்ல எந்தப் பந்துல பட்டுச்சுன்னு சந்தேகம் வரும்னு தெரியற ஷாட்னா, அடிச்ச அப்புறம் வாதாடாம, அடிக்கறதுக்கு முன்னாடியே பக்கத்துல இருக்கற மூணாவது ஆள பாக்கச் சொல்லுங்க. யாரும் பாக்கலன்னா அடிச்சவங்க சொல்றத நம்பிடறதுதான் வழக்கம்.

குச்சி, சாக்

சுவத்துல இருக்கற குச்சில நேரா இருக்கறத எடுங்க, டேபிள் மேல உருட்டிப் பாத்தா கோணல் தெரியும், நுனித் தோல் நல்லா இருக்கான்னும் பாருங்க, தோல் போயிருந்தா அந்தக் குச்சி வேண்டாம். நீலமா ஒரு கட்டி இருக்குமே சாக், அது பள்ளிக்கூட சாக்பீஸ் இல்ல, சிலிக்காவும் அலுமினியம் ஆக்சைடும் சேர்ந்தது, வில்லியம் ஸ்பிங்க்ஸ், வில்லியம் ஹாஸ்கின்ஸ்னு ரெண்டு பேர் 1897ல அதுக்கு பேட்டன்ட் வாங்கினாங்க, நுனி பந்துல வழுக்காம பிடிக்கறது அதாலதான். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னாடி நுனில லேசா தடவுங்க, துளை போடற மாதிரி திருகாதீங்க. தடவிட்டு ஓரத்துல வைக்கும்போது நீலப்பக்கம் மேல இருக்கட்டும், கவுத்து வெச்சா அடுத்தவங்க கை, சட்டை எல்லாம் நீலமாகும்.

கிளாச டேபிள் ஓரத்துல வைக்காதீங்க, துணில கொட்டினா அந்த இடத்துல பந்து உருளற விதமே மாறிடும். எதிராளி குறி பாக்கும்போது அந்தக் குழிக்குப் பின்னாடி நிக்காம தள்ளி நில்லுங்க, அவங்க கண்ணுல உங்க அசைவு படக்கூடாது.

கறுப்பு விழுந்ததும் வெள்ளை எங்க போகுதுன்னு ஒரு கண்ணு வெச்சுக்கோங்க, அது உருண்டு முழுசா நிக்கற வரைக்கும் ஆட்டம் முடியல. நின்னுருச்சுன்னா கை குடுங்க. தோத்திருந்தா குச்சிய அடுத்து காத்திருக்கறவங்க கைல குடுத்துட்டு மறுபடி ஆடணும்னா உங்க காச வரிசைல கடைசியா வைங்க, ஜெயிச்சிருந்தா அவங்க காசு போட்டு பந்து அடுக்குவாங்க, பிரேக் உங்களோடது.